கரையைத் தொடும் நிமிடம் வரை வளர்ந்த புயல்: மைக்கேல் பற்றிய கேள்விகளும் என் பதில்களும்

2018 அக்டோபரில் ஃப்ளோரிடாவைத் தாக்கிய மைக்கேல் புயலைப் பற்றிப் போன வாரம் நாலு வரி எழுதினேன், அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. நான் வானிலை ஆய்வாளர் கிடையாது. அப்போது ஃப்ளோரிடாவின் தலைநகர் டல்லஹாசியில் குடியிருந்தேன், அதற்கு முன்பிருந்தே அட்லாண்டிக் புயல்களை நாள் தவறாமல் பின்தொடர்வது என் பைத்தியம், அவ்வளவுதான். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஹூஸ்டன்): வருஷா வருஷம் அமெரிக்காவுக்குப் புயல் வருகிறது. மைக்கேலை மட்டும் ஏன் இப்படித் தனியாகப் பேசுகிறீர்கள்?

அது வந்த வேகத்துக்காக. நான் சொல்வது கடலில் நகர்ந்த வேகம் இல்லை, வளர்ந்த வேகம். அக்டோபர் 7, ஞாயிற்றுக்கிழமை அதற்குப் பெயரே வைத்தார்கள். திங்கட்கிழமை கியூபாவின் மேற்கு முனைப் பக்கம் ஹரிக்கேன், அதாவது கடும் புயல் ஆனது. ஹரிக்கேன்களைக் காற்றின் வேகத்தை வைத்து ஒன்றிலிருந்து ஐந்து வரை வகை பிரிப்பார்கள், ஐந்துதான் உச்சம். செவ்வாய் காலை இரண்டாம் வகை, சாயங்காலம் மூன்றாம் வகை, புதன் விடிவதற்குள் நான்காம் வகை. புதன் மதியம் 12:30க்கு மெக்சிகோ பீச் பக்கத்தில் கரையைக் கடந்தபோது காற்றின் வேகம் மணிக்கு 155 மைல் என்று அறிவித்தார்கள். பெயர் வைத்ததிலிருந்து கரையைக் கடந்தது வரை கூட்டிப் பார்த்தால் மூன்றே நாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கம் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. செவ்வாய் காலை "இரண்டாம் வகைதானே" என்று இருந்துவிட்டவர் புதன் காலை நான்காம் வகைக்குக் கண் விழிக்கிறார், அந்நேரம் கடலோரச் சாலையில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருக்கிறது. கிளம்பலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் புயல் சின்னதாகத் தெரிந்தது, பெரிதாகத் தெரிந்தபோது கிளம்பவே நேரமில்லை. மைக்கேலைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்.

கேள்வி (திருப்பூர்): மெக்சிகோ பீச் என்றால் மெக்சிகோ நாட்டில்தானே? ஃப்ளோரிடா என்கிறீர்களே?

பெயர்தான் அப்படி. ஃப்ளோரிடாவின் வடமேற்கில், மெக்சிகோ வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கும் சின்ன ஊர். இன்னொரு குழப்பமும் உண்டு, அந்த ஊர் கடிகாரம் எங்கள் டல்லஹாசி கடிகாரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால். அதனால்தான் ஒரு செய்தியில் 12:30, இன்னொன்றில் 1:30 என்று பார்த்திருப்பீர்கள். இரண்டும் சரியே.

கேள்வி (சென்னை): அண்ணே, கரைக்கு வரும்போது புயல் கொஞ்சம் வலுவிழக்கும் என்றுதான் எப்போதும் சொல்வார்கள். இது ஏன் அடங்கவில்லை?

நல்ல கேள்வி தம்பி. வளைகுடாவின் வட கரைக்கு வரும் பல புயல்கள் கடைசி நேரத்தில் சோர்ந்துபோகும் என்பது உண்மை. நிலத்திலிருந்து வறண்ட காற்று உள்ளே புகும், கரையோரத் தண்ணீரில் சூடு குறைவாக இருக்கும், மேலே ஒரு திசை கீழே ஒரு திசை என்று காற்று அடித்துப் புயலின் தலையைச் சாய்த்துவிடும். 2005ல் கத்ரீனா நடுக்கடலில் ஐந்தாம் வகையாக இருந்து மூன்றாம் வகையாகத்தான் கரையேறியது.

மைக்கேலுக்கும் அப்படித் திசை மாறி அடிக்கும் காற்று தொடக்கத்தில் இருந்தது. அதைப் பார்த்துத்தான் "இது பெரிதாக வளராது" என்று பலர் நினைத்தார்கள், நானும் அந்தப் பலரில் ஒருவன். ஆனால் அடியில் தண்ணீர் அக்டோபருக்கு வழக்கத்தைவிடச் சூடாக, 28, 29 டிகிரியில் இருந்தது. போகப் போக மேல்காற்றின் எதிர்ப்பும் தளர்ந்தது. புயலின் நடுவில் காற்று அடங்கிக் கிடக்கும் வட்டத்தைக் கண் என்பார்கள், அந்தக் கண் சுத்தமாகத் திறந்த பிறகு அதைத் தடுக்க எதுவும் இல்லை. புதன் அதிகாலையில் நடு அழுத்தம் 940களில் இருந்தது, கரையைத் தொட்டபோது 919 மில்லிபார், அழுத்தம் குறையக் குறையப் புயலுக்குப் பலம் கூடும். அடுப்பில் பால் பொங்கும்போது பாத்திரத்தை இறக்காமல் தீயைக் கூட்டினால் எப்படியோ அப்படி. இன்னும் ஆறு மணி நேரம் கடல் மிச்சம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

கேள்வி (கோலாலம்பூர்): நான்காம் வகை என்கிறீர்கள், வேறு இடத்தில் ஐந்தாம் வகை என்று படித்தேன். எது சரி?

இரண்டும். அன்றைக்கு அறிவித்தது 155 மைல், அதாவது நான்காம் வகையின் உச்சி. பிறகு விமானம், ரேடார், செயற்கைக்கோள் தரவுகளை எல்லாம் உட்கார்ந்து மறுபடி அலசிப் பார்த்து 2019 ஏப்ரலில் 160 மைல், ஐந்தாம் வகை என்று திருத்தினார்கள். 1992ல் வந்த ஆண்ட்ரூவுக்குப் பிறகு அமெரிக்காவைத் தாக்கிய முதல் ஐந்தாம் வகை இதுதான். கூரை போனவருக்கு அந்த ஐந்து மைலில் ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (மதுரை): விமானம் நிஜமாகவே புயலுக்குள் போகுமா? பைலட்டுக்குப் பயமாக இருக்காதா?

போகும். மிசிசிப்பி மாநிலத்தில் பிலாக்சி ஊரில் விமானப்படையின் ஒரு பிரிவு இதற்கென்றே இருக்கிறது, நாலு இறக்கைவிசிறி வைத்த பெரிய விமானங்கள். பெரும்பாலும் பத்தாயிரம் அடி உயரத்தில் கண்ணை ஊடுருவி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறி, திரும்பவும் குறுக்கே வருவார்கள். நடுவில் ஒரு குழாய் மாதிரியான கருவியைக் குட்டி பாராசூட்டில் கட்டிக் கீழே போடுவார்கள், அது கடலில் விழும்வரை அழுத்தம், வெப்பம், ஈரம், காற்று எல்லாவற்றையும் அனுப்பிக்கொண்டே இறங்கும். பயத்தைப் பற்றி அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அந்தத் தரவு உடனுக்குடன் பொதுவில் வரும். அன்று காலை நான் பல் தேய்க்காமல் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விமானம் ஒவ்வொரு முறை கண்ணுக்குள் போய் வரும்போதும் அழுத்தம் முந்தைய தடவையைவிடக் குறைந்திருக்கும். ஒரு தடவையாவது ஏறாதா என்று பார்க்கிறேன், ஏறவே இல்லை. மனைவி காபி கொண்டுவந்து வைத்தது எனக்கு ஞாபகமே இல்லை, மதியம்தான் ஆடை கட்டி ஆறிப்போன டம்ளரைப் பார்த்தேன்.

கேள்வி (டாலஸ்): டிவியில் வெள்ளையாக ஒரு கூம்பு காட்டுகிறார்களே, நம் ஊர் அதற்கு வெளியே இருந்தால் தப்பித்தோம் என்று அர்த்தமா?

இல்லவே இல்லை! எனக்குக் கோபம் வரும் ஒரே விஷயம் இந்தக் கூம்புதான். அது புயலின் அளவைக் காட்டுவது கிடையாது. புயலின் நடுப்புள்ளி எங்கெங்கே போகலாம் என்பதைக் கடந்த ஐந்து வருட முன்னறிவிப்புகளின் பிழையை வைத்து வரைகிறார்கள். மூன்று தடவைக்கு இரண்டு தடவை நடுப்புள்ளி உள்ளே இருக்கும், மீதி ஒரு தடவை வெளியே போகும். அப்படியே உள்ளே இருந்தாலும் காற்றும் மழையும் கடல்நீரும் கூம்பைத் தாண்டி எவ்வளவோ தூரம் அடிக்கும். நடுவில் இருக்கும் கோட்டை மட்டும் பார்ப்பவர்கள் இன்னும் மோசம். 2022ல் இயன் வந்தபோது எல்லார் கண்ணும் ஃப்ளோரிடாவின் டாம்பா நகர் மேல் இருந்தது, அது தெற்கே ஃபோர்ட் மயர்ஸ் பக்கம் போய் ஏறியது.

கேள்வி (சிட்னி): பக்கத்திலேயே இருக்கிற பனாமா சிட்டி பீச்சில் கடல் ஊருக்குள் வரவில்லை என்று படித்தேன். எப்படி?

அது கண்ணுக்கு இடது பக்கம். வட அரைக்கோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும், அதனால் வடக்கே போகும் புயலுக்கு வலது பக்கம் காற்று கடலைக் கரைமேல் தள்ளும், இடது பக்கம் கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும். மெக்சிகோ பீச் சரியாக வலது பக்கம் மாட்டியது. அங்கே தரைக்கு மேல் 9 முதல் 14 அடி வரை தண்ணீர். சிலர் அழுத்தம் குறைவதால்தான் கடல் உயர்கிறது என்கிறார்கள், அதன் பங்கு கொஞ்சம்தான். ஒரு மில்லிபாருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்குப் போட்டால் மைக்கேலுக்கு ஒரு மீட்டர்கூட வராது. மீதியெல்லாம் காற்று தள்ளியது, அதோடு அந்தக் கரையோரம் ஆழம் குறைவு, தள்ளிய தண்ணீருக்குப் போக இடமில்லை.

வகை எண்ணை மட்டும் நம்பாதீர்கள் என்று நான் சொல்வதற்கும் இதுவே காரணம். அந்த எண் காற்றுக்கு மட்டும்தான். மூன்றாம் வகையாக வந்த கத்ரீனா மிசிசிப்பி கரையில் 27 அடிக்கு மேல் தண்ணீரை ஏற்றியது.

கேள்வி (நாகப்பட்டினம்): அமெரிக்கக்காரர்கள் சொல்லும் காற்று வேகம் நம்ம ஊர்ப் புயல்களைவிட எப்போதும் அதிகமாகவே இருக்கிறதே, அளக்கிற விதம் வேறா?

கொஞ்சம் வேறுதான். அவர்கள் ஒரு நிமிட சராசரி எடுப்பார்கள், இந்திய வானிலைத் துறை மூன்று நிமிட சராசரி. ஒரே புயலுக்கே ஒரு நிமிட எண் சற்றுக் கூடுதலாகத்தான் வரும். ஆனால் மைக்கேல் மாதிரி ஒன்றின் பலத்துக்கு அதை மட்டும் காரணம் சொல்ல முடியாது. மெக்சிகோ பீச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் டின்டல் விமானப்படைத் தளத்தில் 139 மைல் வேகத்தில் ஒரு வீச்சு பதிவானது, நம் கணக்கில் 220 கிலோமீட்டருக்கு மேல்.

நீங்கள் நாகை என்பதால் ஒன்று சொல்கிறேன். மைக்கேலுக்கு ஐந்து வாரம் கழித்து உங்கள் ஊரில் கஜா. மைக்கேல் போன பக்கம் கடற்கரையைத் தாண்டி உள்ளே போனால் பைன் மரக்காடுகள், முப்பது வருஷம் வளர்த்து வெட்டி விற்பார்கள். ஃப்ளோரிடாவில் மட்டும் சுமார் 28 லட்சம் ஏக்கர் மரக்காடு சேதம். எல்லா மரமும் ஒரே உயரத்தில் ஒடிந்து, ஒரே திசையில் சாய்ந்து, மைல் கணக்கில் கிடக்கும். கஜாவுக்கு மறுநாள் வந்த தென்னந்தோப்புப் படங்களைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது, அங்கே போனது என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி (நாமக்கல்): கடற்கரையில் ஒரே ஒரு வீடு மட்டும் தப்பித்து நிற்கும் படம் உண்மையா, எடிட்டா?

உண்மை, மெக்சிகோ பீச்சில் இருக்கும் வீடு அது. அந்த வருஷம்தான் கட்டி முடித்தார்கள். கான்கிரீட் தூண்களை மண்ணுக்குள் 40 அடி இறக்கி, அதன் மேல் வீடு. எனக்குப் பிடித்தது அதன் கீழ்த்தளமும் படிக்கட்டும்தான். தண்ணீர் அடித்தால் பெயர்ந்து போகட்டும் என்றே அமைத்தார்கள், போனது, மேலே வீடு நின்றது. செலவு கூடுதல்தான், எல்லாராலும் முடியாது.

கேள்வி (சிங்கப்பூர்): இவ்வளவு செயற்கைக்கோள், கணினி வந்த பிறகும் இப்படித் தவறவிடுவார்களா?

பாதையை முன்பைவிட நன்றாகவே சொல்கிறார்கள். பலத்தைச் சொல்வதுதான் இன்னும் கஷ்டம். 24 மணி நேரத்தில் 35 மைல் கூடினாலே அதை அதிவேக வளர்ச்சி என்பார்கள். 2023 அக்டோபரில் மெக்சிகோ நாட்டின் அகாபுல்கோவைத் தாக்கிய ஓடிஸ் புயல் ஒரே நாளில் கிட்டத்தட்ட அதைப்போல மூன்று மடங்கு கூடியது. கரையைத் தொடுவதற்கு 24 மணி நேரம் முன்பு அது ஹரிக்கேனாகக்கூட ஆகவில்லை, நள்ளிரவு தாண்டி ஐந்தாம் வகையாக ஏறியது. அன்று பிற்பகல் விமானம் உள்ளே போய் வந்த பிறகுதான் நிலவரம் தெரிந்தது. அகாபுல்கோ மெக்சிகோ பீச் மாதிரிச் சின்ன ஊர் இல்லை, பல லட்சம் பேர் வாழும் நகரம், அவர்களுக்குக் கிடைத்தது ஒரு சாயங்காலம்.

கேள்வி (கோயம்புத்தூர்): இந்தியாவிலிருந்து நேரலையாகப் பின்தொடர எப்போது பார்க்க வேண்டும்?

மயாமியில் இருக்கும் தேசிய ஹரிக்கேன் மையம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அறிக்கை விடும். நம் நேரப்படி காலை 8:30, மதியம் 2:30, இரவு 8:30, விடியற்காலை 2:30. கரையோரத்துக்கு எச்சரிக்கை கொடுத்த பிறகு மூன்று மணி நேரத்துக்கு ஒன்று வரும். அதில் 'விவாதம்' என்று தனியாக ஒரு பகுதி உண்டு, அதைப் படியுங்கள். முன்னறிவிப்பாளர் தனக்கு எது சந்தேகம் என்பதை அதில்தான் ஒளிக்காமல் எழுதுவார். யூடியூப்காரர்களின் சிவப்பு அம்புக்குறி எல்லாம் அப்புறம்.

கேள்வி (நியூ ஜெர்சி): நீங்கள் ஏன் டல்லஹாசியை விட்டுக் கிளம்பவில்லை? இவ்வளவு பேசுகிறீர்களே!

குத்துகிறீர்கள், சரி. கடலிலிருந்து நாங்கள் 25 மைல் உள்ளே, தண்ணீர் வராது. எங்களுக்குப் பயம் மரம்தான். வீட்டை ஒட்டி ஒரு பெரிய ஓக் மரம், அதனால் படுக்கையறையை விட்டுவிட்டு ஜன்னல் இல்லாத குளியலறையில் மெத்தையை இழுத்துப் போட்டு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். கண் எங்களுக்கு மேற்கே போனது, அதனால் பிழைத்தோம். மரம் விழவில்லை, ஒரு கிளை மட்டும் காரின் பின்கண்ணாடியில் இறங்கியது. ஐந்து நாள் கரண்ட் இல்லை. பையன் பாட்டியிடம் போனில், "இங்கே ஹரிக்கேன் வந்துச்சு, லைட் இல்ல" என்று சொல்ல, அம்மா "அரிக்கேன் வந்தா வெளிச்சம்தானேடா இருக்கணும்" என்றார். அவருக்குத் தெரிந்தது விளக்கு ஒன்றுதான்.

நேர்மையாகச் சொன்னால், செவ்வாய் மதியமே வடக்கே கிளம்பியிருக்க வேண்டும். "இரண்டாம் வகைதானே" என்று நானும்தான் சொன்னேன். அமெரிக்காவில் மைக்கேலால் நேரடியாக இறந்தவர்கள் 16 பேர், புயல் போன பிறகு அதன் விளைவுகளால் இறந்தவர்கள் 43 பேர். அந்த இரண்டாவது எண் எங்கள் மாதிரி கடலை விட்டு உள்ளே தள்ளி இருப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை.

கேள்வி (ஆர்லாண்டோ): ஒரே ஒரு விஷயத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்றால் எதைப் பார்க்கச் சொல்வீர்கள்?

உங்கள் வீடு எந்த வெளியேற்ற மண்டலத்தில் இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து எழுதி வையுங்கள், ஏ, பி, சி என்று இருக்கும். புயல் வரும்போது விமானத் தரவில் அழுத்தம் அடுத்தடுத்து இரண்டு தடவை விழுந்தால், அறிவிப்பில் இருக்கும் வகைக்கு மேல் ஒன்று கூட்டி மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இது என் சொந்தக் கணக்கு, விஞ்ஞானம் இல்லை. மைக்கேலுக்கு அப்புறம் நான் அப்படித்தான் செய்கிறேன், காரில் பெட்ரோலும் பாதிக்குக் கீழே போக விடுவதில்லை.