புத்தகம் அடுக்க ஒரு பட்டமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சென்னையில் நூலக அறிவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். திருவல்லிக்கேணியில் ஒரு மகளிர் விடுதியில், ஓர் அறைக்கு மூன்று பேராக இருக்கிறோம்.

காலை பத்து மணிக்கு வகுப்பு. வகைப்பாடு, பட்டியலாக்கம், நூலக மேலாண்மை. மதியத்துக்கு மேல் கணினி அறையில் கோஹா என்ற நூலக மென்பொருளில் செய்முறை. சாயங்காலம் கல்லூரி வேலைக்கான நெட் தகுதித் தேர்வுக்குப் படிப்பதாகப் பெயர். சனிக்கிழமை துணி துவைத்துக் காயப்போட்டதும் மெரினா, இல்லாவிட்டால் பாரதி சாலை நடைபாதைப் பழைய புத்தகக் கடைகள். மாதம் ஒரு ஞாயிறு பெசன்ட் நகரோ மகாபலிபுரமோ. அப்பா அனுப்பும் பணத்தில் இப்படிச் சுற்றுகிறோமே என்று கொஞ்சம் உறுத்தலும் உண்டு.

ஊருக்குப் போனால் சித்தப்பா கேட்கிறார், "புத்தகத்தை அடுக்கிவைக்க எதுக்கும்மா ஒரு டிகிரி?" அதற்குக்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். என் பிரச்சினை வேறு. இந்தப் படிப்பில் சேர்ந்த பிறகு என்னால் புத்தகம் படிக்க முடியவில்லை. பள்ளிக்கூடக் காலத்தில் வாரத்துக்கு இரண்டு நாவல் முடிப்பேன். இப்போது ஒரு புத்தகம் கைக்கு வந்ததும் தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தைத்தான் முதலில் திருப்புகிறேன். பதிப்பு, ஆண்டு, எத்தனை பக்கம், உயரம் எத்தனை சென்டிமீட்டர், எந்த அடுக்கு என்று காட்ட என்ன வகை எண் போடலாம் என்று மனம் ஓடுகிறது. எண் கிடைத்ததும் மூடிவிடுகிறேன். போன வாரம் நடைபாதையில் ஒரு நாவல் வாங்கினேன், முதல் பக்கம் தாண்டவில்லை. படிக்காத ஒருத்தி நூலகராகலாமா?

இன்னொன்று. உங்களுக்குத் தொந்தரவு இல்லையென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் தோழிகள் இருவரும் வந்து உங்கள் வீட்டுப் புத்தகங்களை ஒழுங்குபடுத்தித் தருகிறோம். எங்களுக்கும் செய்முறை மாதிரி இருக்கும்.

ச.

அன்புள்ள ச.,

சித்தப்பாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவருடைய சந்தேகம் 1924-ல், இந்திய நூலக அறிவியலின் தந்தை என்கிறோமே, அந்த எஸ்.ஆர். ரங்கநாதனுக்கே இருந்தது. மாநிலக் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், சம்பளம் அதிகம் என்பதால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் போனார். அப்போது பல்கலைக்கழக நூலகத்துக்குச் சொந்தக் கட்டடம்கூடக் கிடையாது, கன்னிமாரா பொது நூலகத்துக்குள் இருந்தது. போன சில நாளிலேயே சலித்துவிட்டது. பேச்சுக்கு ஆளில்லை, செய்ய வேலையில்லை, சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பழைய கல்லூரிக்கே போய், என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறார். முதலில் லண்டன் போய் இதைப் படித்துவிட்டு வா, அப்புறமும் சலித்தால் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்கள். அங்கே செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் ஒரு மெக்கானோ விளையாட்டுப் பெட்டியைப் பார்க்கிறார். அதே பட்டைகள், அதே நட்டு போல்ட்டு, ஆனால் மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மை. அதிலிருந்து, புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் போடும் அவருடைய கோலன் வகைப்பாடு பிறந்து 1933-ல் புத்தகமாக வந்தது. இதை வகுப்பில் பத்துத் தடவை கேட்டிருப்பீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள், மற்றவர்களும் படிக்கிறார்கள்.

சித்தப்பாவிடம் இந்தக் கதையைச் சொல்ல வேண்டாம். அடுத்த முறை போகும்போது அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். புதுமைப்பித்தன் கதைகளை எந்த அடுக்கில் வைப்பது? கதை அடுக்கில் என்பார். சரி, ஐந்து லட்சம் புத்தகம் உள்ள இடத்தில் எந்தக் கதை அடுக்கு? ரங்கநாதன் முறையில் 'ஓ' என்ற ஆங்கில எழுத்து இலக்கியம், 31 என்றால் தமிழ், ஒரு கால்புள்ளி, 3 என்றால் கதை, அப்புறம் 1900-களுக்கு 'என்', அவர் பிறந்த 1906-க்காக 06. ஆசிரியரை அவர் பிறந்த ஆண்டைக்கொண்டு அடையாளம் காட்டும் இந்த ஏற்பாட்டை முதலில் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அடுக்கில் எழுத்தாளர்கள் வயசுப்படி வரிசையாக நிற்பார்கள், ரேஷன் கடையில்கூட அப்படி நிற்பதில்லை. வள்ளுவருக்கு எந்த ஆண்டு போடுவது என்று உங்கள் வகுப்பில் யாராவது கேட்டு ஆசிரியரைச் சங்கடப்படுத்தியிருக்கிறார்களா?

நீங்கள் அன்றாடம் கோஹாவில் போடுவது அநேகமாக மெல்வில் டியூயி என்ற அமெரிக்க நூலகர் வகுத்த முறையின் எண்ணாக இருக்கும். அதில் ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று தெருவைப் பார்த்த முழு வீடு. தமிழ் இலக்கியத்துக்கு 894.811. 'மற்ற மொழிகள்' என்ற தெருவில் நுழைந்து, சந்துக்குள் போய், அதற்குள் இன்னொரு சந்துக்குள் திரும்பிக் கதவைத் தட்ட வேண்டும். 1876-ல் அமெரிக்காவில் உட்கார்ந்து போட்ட கணக்கு அது, அவர்கள் அலமாரியில் என்ன இருந்ததோ அதற்கேற்ற கணக்கு. இதே கோளாறு பெயரிலும் உண்டு. குடும்பப்பெயர் என்ன என்று கேட்கும் கட்டத்தில் நம் ஆட்களுக்கு என்ன போடுவது? அப்பா பெயர் முதலெழுத்தாக முன்னால் நிற்கிறது, சிலருக்கு ஊர்ப் பெயரும் சேர்ந்து. ரங்கநாதனுக்கே சீர்காழியும் அப்பா ராமாமிருதமும்தான் இரண்டு எழுத்துகளாக நிற்கின்றன. சுஜாதாவைத் தேடுகிறவர் ரங்கராஜன் என்று தேட மாட்டார், ஆனால் இரண்டு பெயரையும் முடிச்சுப்போட்டு வைக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீங்கள்தான் என்று சித்தப்பாவிடம் சொல்லலாம். ஒப்புக்கொள்வாரா தெரியாது, சித்தப்பாக்கள் பொதுவாக ஒப்புக்கொள்வதில்லை.

இனி, படிக்க முடியவில்லை என்பதற்கு வருகிறேன்.

என் முதல் சிறுகதைத் தொகுப்பின் தலைப்பில் 'தேனீ' என்ற சொல் இருந்தது. அது வந்து நாலைந்து ஆண்டு கழித்து வேறு ஊர் ஒன்றில் ஒரு நூலகத்துக்குப் போனேன். எந்த நூலகம் என்று சொல்லப்போவதில்லை, நல்ல மனிதர்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். எழுத்தாளன் நூலகத்துக்குள் நுழைந்தால் முதலில் எதைத் தேடுவான் என்று உங்களுக்குத் தெரியும். கதை அடுக்கில் நான் இல்லை. பட்டியலில் பார்த்தால் இருக்கிறேன், எண் 638 என்று இருந்தது. 638 என்றால் தேனீ வளர்ப்பு, பட்டுப்பூச்சி வளர்ப்பு வகையறா. வேளாண்மைப் பகுதியில், மண்புழு உரத்துக்கும் காளான் வளர்ப்புக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது என் புத்தகம். எடுத்துப் பின்னட்டையில் ஒட்டியிருந்த தேதித்தாளைப் பார்த்தேன். பதினோரு முத்திரை. என் ஊர் நூலகத்தில், ஒழுங்காகக் கதை அடுக்கில் இருந்த பிரதிக்கு இரண்டே முத்திரைதான் அப்போது. கடைசிப் பக்கத்தில் பென்சிலில் யாரோ எழுதியிருந்தார்: "இதில் தேனீ வளர்ப்புப் பற்றி எதுவும் இல்லை. ஏமாற வேண்டாம்." அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில், "பக்கம் 41 பார்க்க."

41-ல் ஒரு கிழவர் பாறை இடுக்கிலிருந்து தேன் எடுப்பார், அரைப் பக்கத்துக்கு வரும். அதைக் கண்டுபிடிக்க அந்த இரண்டாவது ஆள் 40 பக்கம் படித்திருக்கிறார்.

அந்த எண்ணைப் போட்டவர் தலைப்பை மட்டும் பார்த்திருக்கிறார். பொருளடக்கத்தைத் திருப்பியிருந்தாலே போதும், இந்தத் தப்பு நடந்திருக்காது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பின்பக்கம் பார்க்கிறீர்கள், பொருளடக்கம், முன்னுரை, நடுவில் ஒரு பக்கம், இது எதைப் பற்றியது, யாருக்கு ஆகும் என்று கேட்கிறீர்கள். எண் கிடைத்ததும் மூடிவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், எண் சரியாகக் கிடைத்தது என்றால் நீங்கள் ஏதோ படித்திருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம். தையற்காரர் கல்யாண வீட்டில் எல்லோருடைய சட்டையிலும் காலர் தைத்த விதத்தைத்தான் பார்ப்பார். இரண்டாம் ஆண்டில் உங்களுக்கு வந்திருப்பது அந்த மாதிரி ஒரு கோளாறு, பரீட்சை முடிந்து ஓர் ஆண்டு போனால் பாதி சரியாகிவிடும். மீதிப் பாதி போகாது, போகவும் வேண்டாம்.

எங்கள் ஊர்க் கிளை நூலகருக்குக் கதை படிக்கும் பழக்கமே கிடையாது. தினத்தந்தியை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிப்பார், அவ்வளவுதான். ஆனால் அவர் கொடுக்கிற புத்தகம் எப்படியோ நமக்குப் பிடித்துவிடும். எனக்கு இது ரொம்ப நாள் புரியவில்லை. வேலை கிடைத்துச் சென்னைக்குக் கிளம்பும்போது கேட்டேவிட்டேன். "ரெண்டு நாள்ல திருப்பிக் கொண்டாந்தா பிடிக்கலைன்னு அர்த்தம். பதினாலாம் நாள் வந்தா கடமைக்குப் படிச்சிருக்கே. கெடு தாண்டி, அபராதம் கட்டிக்கிட்டு, முழிச்சுக்கிட்டு வந்து நின்னா அதைத்தான் நீ ரெண்டாவது தடவை படிச்சிருக்கே. அது எந்த அலமாரின்னு பாத்து, அதுக்குப் பக்கத்துல இருக்கிறதை எடுத்துக் கொடுப்பேன்" என்றார். நான் கட்டிய காலணாக் காசு அபராதமெல்லாம் அவருக்கு என்னைப் பற்றிய குறிப்பாக இருந்திருக்கிறது. புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் சரியாக வைத்திருந்ததால் அவர் அதைச் செய்ய முடிந்தது.

வார இறுதிச் சுற்றலுக்கு உறுத்தவே வேண்டாம். மகாபலிபுரம் போங்கள், கடலில் காலை நனையுங்கள், மாங்காய் சாப்பிடுங்கள். அதோடு இரண்டு மூன்று இடத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கன்னிமாராவின் 1896-ம் ஆண்டுப் பழைய கட்டடத்தைப் பார்த்துவிட்டீர்களா? புதுக் கட்டடத்தில் புத்தகம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள் எல்லோரும். அனுமதி கேட்டு உள்ளே போய் ஒரு நிமிஷம் அண்ணாந்து பாருங்கள், அந்த வளைவுகளும் வண்ணக் கண்ணாடியும். தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்துக்கு முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த மனிதர், நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை என்று ஊரார் குப்பையில் போட்டதையெல்லாம் சேர்த்துவைத்தார். அவர் 1992-ல் இறந்தபிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கி, கடல் தாண்டிக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே 1994-ல் நூலகமாக்கினார்கள். கல்யாணப் பத்திரிகைக்கு என்ன எண் போடுவது என்று அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை, துணியைக் காயப்போட்ட கையோடு, பக்கத்துக் கிளை நூலகத்துக்குப் போய் மூன்று மணி நேரம் சும்மா உட்காருங்கள். மாணவி என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். பத்திரிகை மேசையில் நாளிதழின் நடுப்பக்கம் யாரிடம் இருக்கிறது என்று ஒரு பெரியவர் கண்ணாலேயே தேடுவார். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பையன்கள் சொந்தப் புத்தகத்தோடு வந்து மின்விசிறிக்கு நேர்கீழே இடம் பிடிப்பார்கள். யாராவது ஓர் அம்மா வந்து, "அந்தப் பச்சை அட்டைப் புத்தகம், முன்னாடி இங்கதான் இருந்தது, சமையல் மாதிரி ஆனா மருந்து" என்பார். 'வாசகரின் நேரத்தைச் சேமி' என்று ரங்கநாதனின் ஐந்து நூலக விதிகளில் நான்காவதை நீங்கள் மனப்பாடம் செய்திருப்பீர்கள், அந்த அம்மாவுக்கு அந்தப் பச்சை அட்டையைக் கண்டுபிடித்துக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். அந்த ஐந்து விதிகளும் புத்தகமாக வந்த அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோயிருக்கிறார்கள். வண்டி வந்து நிற்கும்போது யார் யார் எதைக் கேட்டிருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

வேலை பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் பெரிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அரசு நூலகங்களுக்கு எப்போது ஆள் எடுப்பார்கள் என்பதை ஜோசியர்தான் சொல்ல வேண்டும். நெட் எழுதிவிடுங்கள். கோஹாவையும், மின்னணு ஆவணங்களைச் சேர்த்துவைக்கும் டிஸ்பேஸ் மென்பொருளையும் மனப்பாடமாக இல்லாமல் கைப்பழக்கமாகக் கற்றுக்கொள்ளுங்கள், கல்லூரிகளில் அதைத்தான் கேட்கிறார்கள்.

நடைபாதையில் வாங்கிய அந்த நாவலுக்கு இன்னும் எண் போடவில்லை என்றால் போட்டுவிடுங்கள், அந்த அரிப்பு அடங்கினால்தான் இரண்டாம் பக்கத்துக்குப் போக முடியும்.

ஞாயிறு தாராளமாக வாருங்கள், மூன்று பேரும். பதினொரு மணிக்கு மேல் வந்தால் மதியச் சாப்பாடு இங்கேயே. கூடத்து அலமாரிகள் இரண்டிலும் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். மாடிப்படிக்குக் கீழே இருப்பதை மட்டும் தொட வேண்டாம், அது எந்த ஒழுங்கில் இருக்கிறது என்று யாருக்கும் விளங்காது, ஆனால் இருட்டில்கூட எனக்குக் கைக்குக் கிடைக்கும். முதுகில் ஒட்டுத்தாள் ஒட்ட வேண்டாம். உள்ளே எண் எழுதுவதானால் பென்சிலில் எழுதுங்கள்.