விலைச்சீட்டில் ‘ஃபர்னிச்சர்ஸ்’ வேண்டாம்

கேள்வி: காரைக்குடியில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறோம். வெளிநாட்டுக்காரர்கள் வருவதால் ஆங்கிலத்தில் சீட்டு எழுதி ஒட்டுகிறோம். பன்மையில் எதற்கு எஸ், எதற்கு இஎஸ், எதற்கு இரண்டுமே கூடாது?

பதில்: தமிழில் ‘பத்துப் பெட்டி’ என்றாலே போதும், ‘கள்’ கட்டாயமில்லை. அந்தப் பழக்கத்தில்தான் சீட்டிலும் ‘டென் பாக்ஸ்’ வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எண் ஒன்றைத் தாண்டினால் பெயரும் பன்மையாக வேண்டும்.

டோர், லாம்ப், டைலுக்கு வெறும் எஸ். ஸ், ஷ், ச் ஒலியில் முடியும் பாக்ஸ், டிஷ், பெஞ்சுக்கு இஎஸ். வெறும் எஸ் சேர்த்தால் நாக்கு புரளாது, அதனால்தான் நடுவில் ஓர் உயிரொலி. வேஸ், பீஸ் போல ஏற்கெனவே இ இருந்தால் எஸ் மட்டும் போதும்.

ஒய்யில் முடிந்தால் அதற்கு முந்தைய எழுத்தைப் பாருங்கள். டிரே, கீ இரண்டிலும் முன்னால் உயிரெழுத்து, எஸ் போதும். டைரியில் ஒய்க்கு முன் ஆர் நிற்கிறது. ஒய் போய் ஐஇஎஸ் வரும். நைஃப், ஷெல்ஃப் இரண்டும் நைவ்ஸ், ஷெல்வ்ஸ் ஆகும். ரூஃப் மட்டும் ரூஃப்ஸ்தான். இதை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

அதிகம் தவறுவது ஃபர்னிச்சரில். கடைப் பலகைகளில்கூட ‘ஃபர்னிச்சர்ஸ்’ என்றே எழுதுகிறார்கள். மொத்தமாகச் சுட்டும் சொல் அது; பின்னால் எஸ் வராது, முன்னால் எண்ணும் நிற்காது. மூன்று உருப்படி இருந்தால் ‘த்ரீ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்’ என்று எழுதுங்கள். பன்மை பீஸில்தான் ஏறும். பிராஸ்வேர், கிளாஸ்வேர், எனாமல்வேர் எல்லாம் இதே வகை. ‘சேர்’ என்று பொருளின் பெயரையே எழுதினால் சிக்கலில்லை, ‘த்ரீ சேர்ஸ்’. கிளாஸுக்கு மட்டும் கவனம் தேவை: ஜன்னலில் பதித்த கண்ணாடி என்றால் எஸ் கிடையாது, குடிக்கும் கிளாஸ் என்றால் கிளாஸஸ்.

இரண்டு பித்தளை விளக்கை ‘டூ பிராஸ் லாம்ப்ஸ்’ என்பார்கள். கடைசிச் சொல் மட்டுமே பன்மையாகும். ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் டைல்) விற்றால் இதைக் கட்டாயம் பாருங்கள். அளவு பொருளின் பெயருக்கு முன்னால் அடைமொழியாக வந்தால் ‘டென்-இஞ்ச் டைல்ஸ்’, இஞ்ச் ஒருமை. பின்னால் தனியாக எழுதினால் ‘டென் இஞ்சஸ் வைட்’.

எஸ்ஸுக்கு முன் மேலே அபாஸ்ட்ரஃபி (’) குறி போடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது உடைமைக்கு உரியது. டைலுக்கு அப்படிப் போட்டால் ‘டைலினுடைய’ என்றுதான் படிப்பார்கள்.