சல்சா, பச்சாட்டா, கும்பியா: நீங்கள் கேட்டதும் நான் சொன்னதும்

லத்தீன் இசை, நடனம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் எழுதியிருந்தேன். வந்து குவிந்துவிட்டது. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன், வரிசையெல்லாம் பார்க்கவில்லை.

கேள்வி: அக்கா, சல்சா கியூபாவுடையது என்கிறார் எங்கள் மாஸ்டர். நியூயார்க்கில் பிறந்தது என்று நண்பன் சண்டைக்கு வருகிறான். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் பாதி சரி. அடித்தளம் கியூபாவின் கிழக்குப் பகுதியில் பிறந்த சோன் என்ற இசை. 1940களில் ஆர்செனியோ ரோட்ரிகெஸ் என்ற பார்வையற்ற இசைஞர் அதில் கோங்கா என்ற கை முரசு, பியானோ, கூடுதல் டிரம்பெட் எல்லாம் சேர்த்துக் கனமாக்கினார். இன்று சல்சா பாட்டில் நம் நெஞ்சில் வந்து மோதுகிறதே ஒரு கனம், அது அவர் கொடுத்தது. ஆனால் அந்த இசைக்கு சல்சா என்று பெயர் ஒட்டி ஊர் ஊராக விற்றது நியூயார்க். டொமினிக்கன் குடியரசில் பிறந்த ஜானி பச்சேகோவும் ஜெர்ரி மசூச்சி என்ற வழக்கறிஞரும் 1964-ல் தொடங்கிய ஃபானியா இசைத்தட்டு நிறுவனத்துக்கு இதில் பெரிய பங்கு. அதில் பாடியவர்களைப் பாருங்கள்: செலியா குரூஸ் ஹவானாக்காரர், ரூபன் பிளேட்ஸ் பனாமாக்காரர், வில்லி கொலோன் பிராங்ஸில் வளர்ந்த புவேர்த்தோ ரிக்கோ குடும்பத்துப் பையன். புவேர்த்தோ ரிக்கோ மக்களை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லவே முடியாது, உங்கள் மாஸ்டரும் நண்பரும் அவர்களைத்தான் மறந்துவிட்டார்கள்.

கேள்வி: ஆறு மாதமாக வகுப்புக்குப் போகிறேன். மாஸ்டர் எண்ணினால் ஆடிவிடுகிறேன், அவர் நிறுத்தினால் ‘ஒன்று’ எங்கே விழுகிறது என்றே தெரியவில்லை. கிளாவே கேள் என்கிறார்கள், அதுவும் பிடிபடவில்லை.

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. வகுப்புகளில் காலைத்தான் பழக்குகிறார்கள், காதைப் பழக்குவதில்லை. அதனால் வரும் வினை இது.

கிளாவே என்பது பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப ஓடும் தாளக் கட்டு, இரண்டு குச்சிகளைத் தட்டி வாசிப்பது. முதலில் அதைக் கையால் தட்டிப் பாருங்கள். ஒன்று முதல் பதினாறு வரை ஒரே சீராக எண்ணுங்கள், 1, 4, 7, 11, 13 ஆகிய ஐந்து இடங்களில் மட்டும் தட்டுங்கள். அவ்வளவுதான், இதுதான் சோன் கிளாவே. முன்பாதியில் மூன்று தட்டு, பின்பாதியில் இரண்டு. பாட்டைப் பொறுத்து இரண்டு முதலிலும் மூன்று பின்னாலும் வரும். கச்சேரியில் தாளம் போடுகிறவர் கை நின்றுபோனாலும் பாடகர் மனதுக்குள் தாளம் ஓடிக்கொண்டே இருக்குமே, அதுபோலத்தான்: பல பாட்டுகளில் கிளாவே குச்சியின் ஒலியே கேட்காது, ஆனால் பியானோ, பாஸ், டிரம்பெட் எல்லாம் அதற்குக் கட்டுப்பட்டே நகரும்.

சரி, ‘ஒன்று’ எங்கே? அதற்கு கிளாவேயைவிட கோங்கா உதவும். ஆடும்போது எட்டு வரை எண்ணுகிறோம் இல்லையா, 4-லும் 8-லும் கால் நிற்கும். அந்த நிற்கும் இடத்தில்தான் கோங்காவில் திறந்த கையால் ‘டும்டும்’ என்று இரட்டை அடி விழும். அது முடிந்த கையோடு வருவது 5 அல்லது 1. நாலைந்து நாள் ஆடவே ஆடாதீர்கள், பேருந்தில் போகும்போது அந்த டும்டும்மை மட்டும் தேடுங்கள். சில பாட்டுகளில் அது எட்டுக்கு ஒரு முறைதான் வரும், பயப்பட வேண்டாம். 1-ஐயும் 5-ஐயும் பிரித்தறிவது அடுத்த கட்டம், பாடகர் வரியை எடுக்கும் இடத்தைக் கவனித்தால் மெல்ல வந்துவிடும்.

கேள்வி: சல்சாவில் ஆன் ஒன், ஆன் டூ, கியூபன் என்று பல பாணி சொல்கிறார்கள். எதைக் கற்றுக்கொள்வது?

உங்கள் ஊரில் நல்ல ஆசிரியர் எதைச் சொல்லித் தருகிறாரோ அதை. எனக்குப் பிடித்தது ஆன் டூ, நியூயார்க்கில் எடி டாரஸ் என்ற நடன ஆசிரியர் பரப்பிய முறை. கோங்காவின் ‘டப்’ என்ற அறை 2-ல் விழும், உடம்பும் அங்கேயே திரும்பும், அந்தச் சுகம் தனி. கூட்டமாக வட்டம் கட்டி, ஜோடி மாற்றி மாற்றி ஆட வேண்டும் என்றால் கியூபாவின் ருவேடா.

கேள்வி: பச்சாட்டா வீடியோ பார்த்துவிட்டு “இதெல்லாம் ஒரு நடனமா, ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள்” என்கிறார் என் கணவர். என்ன பதில் சொல்வது?

பச்சாட்டா பிறந்த டொமினிக்கன் குடியரசின் பெரியவர்களே அப்படித்தான் சொன்னார்கள் என்று சொல்லுங்கள். அந்த நாட்டை 1930 முதல் ஆட்டிப்படைத்த சர்வாதிகாரி ட்ருஹியோவுக்குப் பிடித்தது மெரெங்கே என்ற நடன இசை. அதைத்தான் தேசிய இசையாகத் தூக்கிப் பிடித்தார். 1961-ல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே ஹோசே மனுவேல் கால்டெரோன் பச்சாட்டாவின் முதல் ஒலிப்பதிவுகளைச் செய்தார். ஆனால் கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் கிட்டாரை வைத்துக்கொண்டு காதல் தோல்வியைப் பாடினால் நகரத்து மேல்தட்டு சும்மா இருக்குமா? குடிகாரன் பாட்டு, சேரிப் பாட்டு என்று ஒதுக்கினார்கள். பெரும்பாலான வானொலிகள் தொடவில்லை, ரேடியோ குவாராச்சிட்டா என்ற நிலையம்தான் ஏழைகள் காதில் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1990-ல் ஹுவான் லூயிஸ் கெர்ரா ‘பச்சாட்டா ரோசா’ ஆல்பம் போட்ட பிறகு ஒதுக்கியவர்கள் வீட்டு வரவேற்பறையிலும் அது ஒலித்தது. 2019-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது.

அப்புறம், உங்கள் கணவர் பார்த்தது அநேகமாக ஸ்பெயினில் உருவான சென்சுவல் பாணி. டொமினிக்கன் குடியரசில் ஆடுவது வேறு மாதிரி: மூன்று அடி நடந்து நாலாவதில் ஒரு தட்டு, இடுப்பு லேசாக ஒரு வெட்டு, கால் துருதுருவென்று விளையாடும். இருவருக்கும் நடுவே காற்று தாராளமாகப் போகும். போங்கோ என்ற சிறிய இரட்டை முரசின் பெரிய முகம் 4-ல் ‘தும்’ என்று பேசுவதைக் கேட்கச் சொல்லுங்கள், அவரும் எழுந்து வரக்கூடும்.

கேள்வி: இரண்டு வாரத்தில் ரிசப்ஷன். ஆடத் தெரியாத ஜோடிக்கு ஏதாவது?

மெரெங்கே. இடது வலது என்று நடக்கத் தெரிந்தால் போதும்.

கேள்வி: டிவி போட்டிகளில் ‘லத்தீன்’ பிரிவில் சல்சாவே இல்லையே, ஏன்?

அது ஐரோப்பிய பால்ரூம் சங்கங்கள் வகுத்த பட்டியல்: சம்பா, சா சா சா, ரும்பா, பாசோ டோப்லே, ஜைவ். இதில் பாசோ டோப்லே ஸ்பெயினுடையது, ஜைவ் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஸ்விங்கிலிருந்து வந்தது. அந்த ரும்பாவைக் கொண்டுபோய் ஹவானாவில் ஆடிக் காட்டினால் இது என்ன என்று கேட்பார்கள்.

கேள்வி: என் மகன் நாள் முழுக்க ரெக்கேட்டோன் போடுகிறான். எல்லாப் பாட்டும் ஒரே அடிதானே?

ஆமாம், ஒரே அடிதான், அதை மறைக்க ஒன்றும் இல்லை. எட்டு வரை எண்ணி 1, 4, 7 தட்டுங்கள். மேலே சொன்ன கிளாவேயின் முதல் பாதி அப்படியே இருக்கிறது பார்த்தீர்களா? ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக இழுத்து வரப்பட்டவர்களோடு கரீபியன் முழுக்கப் பரவிய 3-3-2 அது. ஜமைக்காவில் 1990-ல் ஷாபா ராங்க்ஸ் பாடிய ‘டெம் போ’, பனாமாவின் ஸ்பானிய ரெகே, புவேர்த்தோ ரிக்கோவில் கையிலிருந்து கைக்குப் போன கேசட்டுகள் என்று வழி நீளம். 1995-ல் அங்கே போலீஸ் கடைகளுக்குள் புகுந்து அந்தக் கேசட்டுகளை அள்ளிக்கொண்டு போனது. 2004-ல் டாடி யாங்கியின் ‘கேசோலினா’ வந்த பிறகு யாராலும் தடுக்க முடியவில்லை. மகனைத் திட்டாதீர்கள், சத்தத்தை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் மட்டக்களப்பு. எங்கட பைலாவும் லத்தீன் இசைதானோ அக்கா?

லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தது இல்லை. போர்த்துக்கீசர் காலத்து மெட்டும், அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் தாளமும் இலங்கையில் கலந்து உருவான கஃப்ரிஞ்ஞாதான் அதன் தாய். உங்கள் ஊர்ப் பறங்கியர் கல்யாணத்தில் பார்த்திருப்பீர்களே. ஐரோப்பியர், ஆப்பிரிக்கர், உள்ளூர் மக்கள் என்ற சேர்க்கை அங்கும் இங்கும் ஒன்றே என்பதால் காதுக்குச் சொந்தம் போலத் தோன்றுகிறது. பைலாவின் ஆறெட்டுத் தாளத்துக்குச் சல்சா அடி பொருந்தாது, முயற்சி செய்து இடறி விழாதீர்கள்.

கேள்வி: கும்பியா பற்றி யாருமே பேசுவதில்லை?

நியாயமான கோபம். கொலம்பியாவின் கரீபியன் கரையில் பழங்குடியினரின் கைத்தா குழலும் ஆப்பிரிக்க முரசுகளும் சேர்ந்த இசை. அந்தக் குழலைக் கிட்டத்தில் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்: உடல் கள்ளிச் செடித் தண்டு, தலை தேன்மெழுகும் கரித்தூளும் பிசைந்த உருண்டை, வாய் வைக்க ஒரு வாத்து இறகின் தண்டு. பிறகு அது பெரு, அர்ஜென்டினா, மெக்சிகோ என்று போய் ஊருக்கு ஒரு வேடம் போட்டது. மெக்சிகோவின் மான்டெர்ரேயில் கும்பியாவை வேகம் குறைத்து, குரல் இழுபட இழுபடக் கேட்பார்கள். கொலம்பியாவின் காலி என்ற நகரத்திலோ நேர் எதிர், 33 சுற்று இசைத்தட்டை 45-ல் ஓடவிட்டு ஆடினார்கள். அந்த நகரத்துச் சல்சாவில் கால் அப்படிப் பறப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: வேலை விஷயமாக பியூனஸ் அயர்ஸ் போகிறேன். டாங்கோ ஆடும் இடத்துக்குப் போகலாமா? ஓரளவு ஆடுவேன்.

கண்டிப்பாகப் போங்கள். அந்த இடத்துக்கு மிலோங்கா என்று பெயர். மேசைக்குப் போய்க் கை நீட்டிக் கூப்பிடுவது பழைய மிலோங்காக்களில் அநாகரிகம். தூரத்திலிருந்தே கண்ணைப் பார்த்து லேசாகத் தலையசைக்க வேண்டும், எதிரில் இருப்பவரும் அசைத்தால் சம்மதம், பார்வையைத் திருப்பிக்கொண்டால் விட்டுவிட வேண்டும். மூன்று நான்கு பாட்டு சேர்ந்தது ஒரு தொகுப்பு, அது முடியும்வரை அதே ஜோடிதான். நடுவில் மரியாதைக்காக ‘கிராசியாஸ்’ என்று சொல்லிவைக்காதீர்கள், போதும் என்று நினைத்து அவர் போய் உட்கார்ந்துவிடுவார்.