அகல டயர் போட்டால் கார் வளைவில் ஒட்டுமா? கேள்வி பதில்

நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரத்தில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் சிலர், விடுமுறை கிடைத்தால் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். திரும்பி வந்ததும் என் அலைன்மென்ட் பட்டறைக்கு வந்து கேட்பது ஒன்றுதான்: “இன்னும் அகலமாகப் போட்டால் என்ன?” வந்து சேர்ந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஓசூர் வாசகர்: அண்ணா, 205 டயரைக் கழற்றிவிட்டு 225 போட்டால் தரையைத் தொடும் ரப்பர் கூடும், அதனால் பிடிப்பும் கூடும் என்கிறார்கள். சரிதானா?

முன்பாதி தவறு, பின்பாதி ஓரளவு சரி. (205, 225 என்பவை டயரின் அகலம், மில்லிமீட்டரில்.) தரையைத் தொடும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை எடையும் காற்றழுத்தமும். 1,200 கிலோ கார் என்றால் ஒரு சக்கரத்தின் மேல் சுமார் 300 கிலோ. 30 பி.எஸ்.ஐ. காற்று என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.1 கிலோ. வகுத்துப் பாருங்கள், 143 சதுர சென்டிமீட்டர் வரும். விரல்களோடு சேர்த்து ஒரு கை அளவு, அவ்வளவுதான். 225 போட்டாலும் காற்று அதே அளவு இருந்தால் இந்தப் பரப்பு பெரிதாக மாறாது. டயர் சுவரின் விறைப்பால் கொஞ்சம் முன்பின் ஆகலாம்.

மாறுவது அதன் வடிவம். குறுகிய டயரில், தரையைத் தொடும் அந்தத் தடம் நீளவாக்கில் இருக்கும். அகல டயரில் நீளம் குறைந்து பக்கவாட்டில் விரியும். வளைவில் சக்கரம் பார்க்கும் திசை ஒன்று, கார் போகும் திசை வேறொன்று. இடையில் உள்ள கோணத்தைத்தான் ஸ்லிப் ஆங்கிள் என்கிறார்கள். தடம் நீளமாக இருந்தால் அதன் பின்பகுதி சீக்கிரமே வழுக்கத் தொடங்கிவிடும், முன்பகுதி மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். குட்டையான தடத்தில் கிட்டத்தட்ட முழு ரப்பரும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. ஸ்டீயரிங்கைத் தொட்டவுடன் காரின் மூக்கு திரும்புவது இதனால்தான். இதற்கு ஒரு விலையும் உண்டு. பிடிப்பு விடும்போது முன்னறிவிப்பு குறைவாகவே கிடைக்கும். குறுகிய டயர் முனகி முனகி வழுக்கும். அகல டயர் கடைசிவரை பிடித்திருந்துவிட்டுச் சட்டென்று விடும். பந்தயத் தடத்துக்குப் புதியவர்கள் குறுகிய டயரிலேயே தொடங்குவது நல்லது என்பது என் கருத்து.

அதே வாசகர்: அப்படியானால் பிடிப்பு எங்கிருந்துதான் கூடுகிறது?

இரண்டு இடங்களிலிருந்து. டயர் மீது எடையை இரண்டு மடங்கு ஏற்றினால் பிடிப்பு இரண்டு மடங்கு ஆகாது, அதற்குக் கொஞ்சம் குறைவாகவே வரும். வளைவில் காரின் பாரம் வெளிப்பக்கச் சக்கரங்கள் மேல் சாய்வதால் அங்கே இந்த இழப்பு அதிகம். அகல டயரில் அந்த இழப்பு சற்றுக் குறைகிறது. இன்னொன்று சூடு. ரப்பர் அதிகமாக இருப்பதால் சூடு பரவ இடம் கிடைக்கிறது. ஆகவே இன்னும் மென்மையான ரப்பரைத் தேர்ந்தெடுத்தாலும் அது நாலைந்து சுற்றில் வெந்துபோகாது. பந்தய அணிகள் அகலத்தை விரும்புவதற்கு இதுவே பெரிய காரணம்.

காவேரிப்பட்டினம் வாசகர்: நான் 225 போட்டபின் சுற்று நேரம் இரண்டு வினாடி குறைந்தது. உங்கள் கணக்கு இங்கே உதைக்கிறதே?

உதைக்கவில்லை தம்பி. பழைய டயர் என்ன, புதிய டயர் என்ன என்பதை நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் நடப்பது இதுதான்: நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடி இறுகிப்போன டயரைக் கழற்றிவிட்டு, அகலமான, மென்மையான, புதிய டயரைப் போடுவார்கள். மூன்று மாற்றங்களை ஒன்றாகச் செய்துவிட்டுப் பெருமையை அகலத்துக்கு மட்டும் கொடுப்பார்கள். ஒரே கம்பெனியின் ஒரே ரகத்தில் 205, 225 இரண்டையும் ஒரே நாளில் ஓட்டினால்தான் அகலம் எவ்வளவு கொடுத்தது என்று தெரியும். அப்படிச் சோதித்தால் வித்தியாசம் பலர் நினைப்பதைவிடச் சிறியதாகத்தான் இருக்கும்.

பாலக்கோடு வாசகர்: இப்போதுள்ள ஆறு அங்குல ரிம்மிலேயே 225/45 ஆர்17 மாட்ட முடியுமா?

வேண்டாம். 225 டயரின் அகலம், 45 சுவரின் உயரம் (அகலத்தில் நூற்றுக்கு 45), 17 ரிம்மின் விட்டம் அங்குலத்தில். அந்த அளவுக்கு 7 முதல் 8.5 அங்குல அகலமுள்ள ரிம்தான் ஏற்றது. குறுகிய ரிம்மில் மாட்டினால் டயர் சுவர் இருபுறமும் பிதுங்கி நிற்கும். வளைவில் அந்தச் சுவர் மடிந்துகொண்டு பட்டன் பகுதி (தரையில் படும் ரப்பர்) ஒரு பக்கமாக உருளும். காசு கொடுத்து வாங்கிய அகலத்தில் பாதி வீண்.

பலர் யோசிக்காத வழி ஒன்று உண்டு. 205/55 ஆர்16 டயர் 5.5 முதல் 7.5 அங்குல ரிம் வரை தாங்கும். ஆறு அங்குல ரிம்மை ஏழாக மாற்றி, டயர் அளவை அப்படியே வைத்துப் பாருங்கள். சுவர் நிமிர்ந்து நிற்கும், ஸ்டீயரிங் இறுகும், டயர் எடையும் கூடாது. கடைக்காரர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். டயர் விற்பனை ஆகாதே!

தர்மபுரியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: தம்பி, ஃபார்முலா 1 கார்களுக்கு அவ்வளவு அகலமான டயர் எதற்கு? சும்மாவா போடுகிறார்கள்?

சும்மா இல்லை ஐயா. 2017இல் முன் டயரை 245 மில்லிமீட்டரிலிருந்து 305க்கும், பின் டயரை 325இலிருந்து 405க்கும் அகலப்படுத்தினார்கள். வேகம் கூடியது உண்மை. ஆனால் காற்றால் காரைத் தரையோடு அழுத்தும் இறக்கைகளையும் அதே ஆண்டில்தான் பெரிதாக்கினார்கள். அந்த அழுத்தம் இருப்பதால் அவ்வளவு ரப்பருக்கும் வேலை இருக்கிறது. 2026 விதிகளில் முன்னே 25, பின்னே 30 மில்லிமீட்டர் குறைத்திருக்கிறார்கள். காற்றைக் கிழிக்கும் தடையும் எடையும் குறைய வேண்டுமே. நம் ஊர்க் காருக்கு அந்த இறக்கை அழுத்தம் கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஊத்தங்கரை வாசகி: அண்ணா, என் கார் பின்சக்கரத்தில் ஓடுவது. பின்னால் மட்டும் அகல டயர் போட்டால் பார்க்க அழகாக இருக்கும். போடட்டுமா?

அழகாக இருக்கும், ஆனால் வளைவில் மூக்கு வெளியே ஓடும். பின்பக்கப் பிடிப்பை மட்டும் கூட்டினால் முன்பக்கம் முதலில் கைவிடும். போர்ஷே 911 கரேராவில் முன்னே 235, பின்னே 295 என்று வைத்திருக்கிறார்களே என்று நினைக்கலாம். அதில் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. பாரம் இருக்கும் இடத்தில் ரப்பர் வைத்திருக்கிறார்கள். முன்பின் எடை ஏறக்குறைய சமமாக உள்ள காருக்கு நான்கும் ஒரே அளவு போதும் தங்கை. டொயோட்டா 86 என்ற காரை நான்கு சக்கரத்திலும் 215 அகலத்தோடு, சாதாரணச் சாலை டயரோடுதான் விற்றார்கள். ஓட்டிப் பழகுவதற்கு அது எவ்வளவு நல்ல கார் என்று ஓட்டியவர்களைக் கேளுங்கள்.

பென்னாகரம் வாசகர்: அகல ரிம் போட்டபின் மட்கார்டு உரசுகிறது. அளவு ஒன்றுதான் என்று சொல்லித்தான் விற்றார்கள்.

ரிம்மின் உட்புறம் ‘ஈ.டி.’ என்று ஓர் எண் இருக்கும். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் (சக்கரத்தைப் போல்ட் போட்டு மாட்டும் நடுப்பகுதி) உட்காரும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளியே தள்ளி இருக்கிறது என்பதே அது. 7 அங்குலம் ஈ.டி.45 இருந்த இடத்தில் 8 அங்குலம் ஈ.டி.35 மாட்டினால், உள்பக்கம் 2.7 மில்லிமீட்டர்தான் கூடும், வெளிப்பக்கம் 22.7 கூடும். உரசாமல் என்ன செய்யும்?

உரசல்கூடச் சின்ன விஷயம். சக்கரம் வெளியே தள்ளிப்போனால் பேரிங் மேல் நெம்பும் விசை கூடுகிறது. பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கச் சக்கரம் மேடு பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் கையைப் பிடுங்கும். லாரி ஓடி ஓடிக் குழிந்த சாலைகளில் அந்தப் பள்ளத்தோடேயே காரும் போகப் பார்க்கும்.

அரூர் வாசகர்: காற்று எவ்வளவு வைப்பது?

எண் கேட்காதீர்கள், முறை கேளுங்கள். வெள்ளை ஷூ பாலிஷை எடுத்து, டயரின் தோளில் பட்டனிலிருந்து சுவருக்கு இறங்கும்படி மூன்று இடங்களில் கோடு போடுங்கள். நாலு சுற்று ஓட்டிவிட்டு உடனே வந்து பாருங்கள். தோளில் சின்ன முக்கோணக் குறி இருக்கும் டயர் என்றால் கோடு அந்தக் குறி வரை அழிந்திருக்க வேண்டும். அதையும் தாண்டிச் சுவர் வரை அழிந்திருந்தால் காற்று குறைவு, அல்லது கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாயும் கோணம், போதவில்லை. குறிக்கு வெகு முன்பே நின்றுவிட்டால் காற்று அதிகம். சூடு ஏறும்போது பத்து டிகிரிக்கு ஒன்று, ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடும். ஆகவே காலையில் குளிர்ந்த டயரில் வைத்த அளவை நம்பி மதியம் ஓட்டாதீர்கள்.

அகல டயர் கேம்பருக்கு ரோஷக்காரன். கார் சாயும்போது டயர் நேராக நிற்காவிட்டால் வெளி ஓரம் மட்டும் உழைக்கும், உள்பக்கம் சும்மா இருக்கும். கேம்பரைச் சரிசெய்யாமல் அகலம் கூட்டுவது வீண் செலவு.

தொப்பூர் வாசகர்: புது டயரைத் தொப்பூர் கணவாயில் ஒருமுறை சோதித்துப் பார்க்கலாமா?

கூடாது. லாரிகள் பிரேக் பிடிக்காமல் இறங்கும் சாலை அது.

கிருஷ்ணகிரி வாசகர்: மழையில் எப்படி? போலீஸ், இன்ஷூரன்ஸ் தொல்லை வருமா?

மழையில் அகல டயர் சீக்கிரம் தண்ணீர் மேல் மிதக்கும். ஒதுக்கித் தள்ள வேண்டிய தண்ணீர் அதிகம், அதற்கான நேரமோ குறைவு. பந்தயத் தடத்துக்குப் போகும் நெடுஞ்சாலையில் மழை பிடித்தால் வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. உங்கள் மாடலின் உயர்ந்த ரகத்துக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவுக்குள் நிற்பது பாதுகாப்பு. மொத்த விட்டத்தையும் பாருங்கள்: 205/55 ஆர்16 சுமார் 632 மில்லிமீட்டர், 225/45 ஆர்17 சுமார் 634. பிரச்சினை இல்லை. 225/55 ஆர்16 என்றால் 654. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது முன்பைவிட மூன்றரை கிலோமீட்டர் அதிகமாக ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

ஓசூர் வாசகர்: பெங்களூரில் ஒருவர் பயன்படுத்திய 245 பந்தய டயர்களை மலிவாகத் தருகிறார். வாங்கலாமா?

சுவரில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பிறகு பட்டனில் நகத்தை அழுத்துங்கள். மென்மையான ரப்பரில் நகம் பதியும். பலமுறை சூடேறி ஆறிய பந்தய டயர் ஆழமான பட்டனோடு இருந்தாலும் இறுகிப்போய் நகத்தைத் தள்ளிவிடும். அப்படி இருந்தால் 245 இருந்தாலும் உங்கள் பழைய 205 அதைவிட நன்றாகப் பிடிக்கும். விலை பேசாமலே திரும்பி வாருங்கள்.