பெற்றோரை அழைத்துச் செல்ல, நாகர்கோவில் பார்வதிபுரம் பக்கம் மீன் சாப்பாட்டுக்கு எந்தக் கடை?

பிரியாணியும் புரோட்டாவும் சேர்த்து விற்கும் பெரிய உணவகங்களை விட்டுவிட்டு, மதியம் மட்டும் மீன் சாப்பாடு போடும் சிறு கடைக்கு, இயன்றால் ஞாயிறைத் தவிர்த்துச் சனிக்கிழமையே பெற்றோரை அழைத்துச் செல்லுங்கள்.

சென்ற ஞாயிறு மீன் ருசிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கிழமையே காரணமாக இருக்கலாம். நம் கடலோர ஊர்களில் பலர் ஞாயிறன்று கடலுக்குச் செல்வதில்லை என்பதால், அன்று இலைக்கு வருவது பெரும்பாலும் முந்தைய நாள் மீன்தான்.

உட்காரும் முன், இன்று என்ன மீன், எந்தக் கரையிலிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். "சாளை, முட்டத்திலிருந்து" (சாளை என்பது மத்தி மீன்; முட்டம் நம் கடலோர ஊர்) என்று சட்டெனப் பதில் வந்தால் நம்பலாம். "எல்லா மீனும் உண்டு" என்றால் எழுந்துவிடலாம். மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) இருந்தால் நான் மறுபேச்சின்றி அமர்ந்துவிடுவேன்.

ஜூன், ஜூலை மாதங்களில் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு; அப்போது கரைக்கு வரும் மீன் குறைவதால் இந்தச் சோதனை அவ்வளவாக உதவாது.