வால்டரை நீங்கள் ஓட்டலாமா, எதிரில் நிறுத்தலாமா? மைக்ரோ மெஷின்ஸ் கேள்வி பதில்

கலூப் நிறுவனத்தின் குட்டிக் கார் பொம்மைகளை வைத்து, இங்கிலாந்தின் கோட்மாஸ்டர்ஸ் 1991-ல் நின்டெண்டோ விளையாட்டுக் கருவிக்குக் கொண்டுவந்த பந்தய வீடியோ விளையாட்டு இது. மொத்தம் 11 ஓட்டுநர்கள். அதில் அதிகம் பேசப்படாத வால்டரைப் பற்றித்தான் இன்று நிறையக் கேள்விகள்.

கே: வால்டரை எடுத்தால் வண்டி மெதுவாக ஓடுமா?

ஓடாது. நீங்கள் யாரைத் தேர்ந்தெடுத்தாலும் வண்டி ஒன்றுதான். வேகம், திரும்பும் விதம் எதுவும் மாறாது. ஓட்டுநருக்கு ஓட்டுநர் திறமை மாறுவது கணினி ஓட்டும்போது மட்டும். அந்த வரிசையில் ஸ்பைடர் உச்சியில், வால்டர் அடியில்.

கே: அப்படியென்றால் பிடித்த முகத்தை எடுத்துக்கொள்ளலாம்தானே?

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். நீங்கள் எடுத்த ஆள் எதிராளிப் பட்டியலில் இருக்க மாட்டார். வால்டரை நீங்களே எடுத்துக்கொண்டால், எல்லாரையும்விட எளிதாக முந்தக்கூடிய ஒருவரை இழக்கிறீர்கள்; ஸ்பைடரோ எதிரே வந்து நிற்பார். ஸ்பைடரை நீங்கள் எடுத்தால் ஆட்டம் முழுவதும் அவர் தொல்லை இல்லை. வால்டரின் அருமை அவர் எதிரில் நிற்கும்போதுதான் தெரியும்.

கே: மூன்று எதிராளிகளை எப்படிப் பொறுக்குவது?

நான்கு பேர் ஓட்டத்தில் முதல் இரண்டு இடங்களுக்குள் வந்தால் போதும், அடுத்த களத்துக்குப் போகலாம். மூன்றாவதோ நான்காவதோ வந்தால் கையில் உள்ள மூன்று உயிரில் ஒன்று போகும். ஆட்டம் நகர நகர எதிராளிகள் ஒவ்வொருவராக நீக்கப்படுவார்கள். காலி இடத்துக்கு மீதியிருப்பவர்களில் ஒருவரை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். எளிய ஆட்களை எல்லாம் தொடக்கத்திலேயே செலவழித்துவிட்டால், களங்கள் கடினமாகும் நேரத்தில் வலுத்தவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். காலை உணவு மேசையில் நடக்கும் ‘பிரேக்ஃபாஸ்ட் பெண்ட்ஸ்’ மாதிரி தொடக்கக் களங்களில் வலுவானவர்களோடு மோதிப் பாருங்கள். வால்டரைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: வால்டரிடமே தோற்கிறேன். திரையில் கீழ்நோக்கி வரும்போது இடது வலது குழம்புகிறது.

மேலிருந்து பார்க்கும் ஆட்டம் என்பதால் வரும் குழப்பம் இது. இடது பொத்தான் வண்டியின் இடப்பக்கம், திரையின் இடப்பக்கம் அல்ல. வண்டி கீழ்நோக்கி ஓடும்போது இடது அழுத்தினால் அது திரையில் வலப்பக்கம் போகும். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துத் திருப்புங்கள். வளைவுக்குச் சற்று முன்பே வேகப் பொத்தானை விட்டு, திரும்பி முடிந்ததும் மறுபடி அழுத்துங்கள். முன்னால் வருவது கொஞ்சம்தான் திரையில் தெரியும். முழு வேகத்தில் போனால் வளைவு கண்ணில் படும்போதே மேசை விளிம்பைத் தாண்டியிருப்பீர்கள்.

கே: குளியல் தொட்டியில் படகு வழுக்கிக்கொண்டே போகிறதே?

படகு திரும்பினாலும் பழைய திசையில் கொஞ்ச தூரம் நழுவும். அதனால் காரைவிட முன்கூட்டியே திருப்ப வேண்டும். தண்ணீர் வடியும் துளையின் சுழல் பக்கம் போகாதீர்கள், இழுத்துவிடும்.

கே: உயிரைக் கூட்ட வழி?

தொடர்ந்து மூன்று பந்தயத்தில் முதலாவதாக வாருங்கள். பெரிய சக்கர வண்டியில் கடிகாரத்தோடு மட்டும் போட்டியிடும் ‘ரஃப் டிரக்ஸ்’ சுற்று கிடைக்கும். நேரத்துக்குள் முடித்தால் ஓர் உயிர் கூடும். இரண்டாம் இடமே போதும் என்று ஓட்டினால் இது கிடைக்காது. வால்டர் போன்றவர்கள் எதிரில் இருக்கும்போதுதான் இந்த மூன்று வெற்றிகளையும் அடுக்க வேண்டும்.

கே: நான்கு நண்பர்கள் சேர்ந்து ஆட முடியுமா?

முதல் பாகத்தில் இருவர்தான். யார் முன்னிலை என்று காட்டும் எட்டு விளக்குகள் தொடக்கத்தில் இருவருக்கும் பாதிப் பாதி. எதிராளியைத் திரைக்கு வெளியே விட்டுவிட்டால் ஒரு விளக்கு உங்கள் பக்கம் மாறும். நால்வர் என்றால் 1994-ல் வந்த இரண்டாம் பாகத்தின், சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் கருவிக்கான பதிப்பைத் தேடுங்கள். அதன் ‘ஜே-கார்ட்’ கேட்ரிட்ஜிலேயே கூடுதலாக இரண்டு கன்ட்ரோலர் செருகும் இடம் உண்டு.