கார் கிடையாது, வெளியில்தான் வாழ்க்கை: சென்னையில் எங்கே வீடு பார்ப்பது?

இருபத்திரண்டு வருஷமாகச் சென்னையில் இருக்கிறேன். கார் இல்லை, ஸ்கூட்டரும் இல்லை. தாம்பரம், வேளச்சேரி, இப்போது இந்திரா நகர் என்று மூன்று வீடு மாறியாயிற்று. காலையில் ஒரு நடை, ஞாயிற்றுக்கிழமை தொலைநோக்கியோடு ஏதாவது ஓர் ஏரிக்கரை, இதுதான் என் பழக்கம். அதனால் வீடு மாறப் போகிறவர்கள் என்னைத்தான் கேட்கிறார்கள். வந்த கேள்விகளில் கொஞ்சம் இங்கே.

அக்கா, தரமணியில் வேலை கிடைத்திருக்கிறது. கோவையிலிருந்து வருகிறேன். காலையில் கடற்கரையில் ஓட வேண்டும். பைக் கூட வாங்கப் போவதில்லை. பெசன்ட் நகரா, திருவான்மியூரா?

திருவான்மியூர், தம்பி. பெசன்ட் நகரில் நிழல் உண்டு, எலியட்ஸ் பீச் உண்டு, ரயில் மட்டும் கிடையாது. பெரம்பூர் போகும் 29சி, அயனாவரம் போகும் 23சி, வடபழனி போகும் 5இ எல்லாம் அங்கிருந்தே கிளம்புவதால் ஜன்னலோரம் இடம் கிடைக்கும். ஆனால் தினமும் வேலைக்குப் போக பஸ்ஸை மட்டும் நம்பினால், அடையாறு சிக்னலில் உங்கள் இளமை போய்விடும்.

திருவான்மியூரில் பறக்கும் ரயில் (தூண்கள் மேல் ஓடும் நகர ரயில்) நிலையம் டைடல் பார்க் பக்கத்தில். அடுத்த நிறுத்தமே தரமணி. நிலையத்திலிருந்து மருந்தீஸ்வரர் கோயில் வழியாகக் கடற்கரைக்கு அரை மணிக்குள் நடந்துவிடலாம். கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில் எங்கே வீடு கிடைத்தாலும் எடுங்கள். ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன்: பறக்கும் ரயில் மதியத்திலும் ராத்திரியிலும் அடிக்கடி வராது. நிலையங்களோ ஆளுக்கு மீறிய அளவு. ராத்திரி பத்து மணிக்கு அந்தப் படிக்கட்டில் நம் செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்கும், கூடவே புறாக்கள். லேட் ஷிஃப்ட் உண்டென்றால் பிரதான சாலைக்குப் பக்கமாக வீடு பாருங்கள், பஸ்ஸில் வந்து இறங்கலாம்.

இன்னொன்று. புரோக்கர் "ஸ்டேஷன் பக்கத்துலதான் சார்" என்றால் அது பைக்கில் போகிறவரின் பக்கம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த வழியை மூன்று தடவை நடந்து பாருங்கள்: காலை ஆறு மணிக்கு, மதியம் இரண்டு மணிக்கு, இருட்டிய பிறகு. மதியம் இரண்டு மணி நடைதான் முக்கியம். மரம் எங்கே இருக்கிறது, நடைபாதை எங்கே டிரான்ஸ்ஃபார்மரில் முட்டி நிற்கிறது, நாய்கள் எந்தத் திருப்பத்தில் கூடுகின்றன எல்லாம் அப்போது தெரிந்துவிடும். நான் வீடு தேடும்போது முதலில் பார்ப்பது வீட்டை அல்ல, இந்த ஒரு கிலோமீட்டரைத்தான்.

நானும் மனைவியும் ஓய்வு பெற்றவர்கள், திருச்சி. மகள் சென்னையில். எனக்கு முழங்கால் வலி. நிழலில் நடக்க வேண்டும், உட்கார பெஞ்ச் வேண்டும். வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டேன்.

அண்ணா நகர், சார். மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் ஒழுங்காக ஓடுகிறது, முழங்காலுக்கு அதுவே பாதி வைத்தியம். 'அண்ணா நகர் டவர்' நிலையத்தில் இறங்கினால் டவர் பூங்கா பக்கம்தான். 1968 உலக வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டிய கோபுரம் அது. 2011இல் மூடினார்கள், 2023இல் மறுபடி திறந்தார்கள். நீங்கள் மேலே ஏற வேண்டாம், கீழே மரத்தடியே போதும்.

மயிலாப்பூர் பிடிக்கும் என்றால் லஸ் பக்கம் நாகேஸ்வர ராவ் பூங்கா இருக்கிறது. சின்னது, ஆனால் காலை ஆறரைக்கு அங்கே நடப்பவர்களில் பாதிப் பேர் உங்கள் வயதுதான், ஒரே மாதத்தில் நண்பர்கள் கிடைத்துவிடுவார்கள். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய தெருக்களை மட்டும் நேரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெட்ரோ இரண்டாம் கட்டம் வருகிறதே, அந்த வழித்தடத்தில் இப்போதே குடியேறிவிடலாமா?

வாங்குவதென்றால் உங்கள் பாடு. வாடகைக்கு என்றால், ஓடுகிற ரயிலைப் பார்த்து வீடு எடுங்கள், வரப்போகிற ரயிலைப் பார்த்து அல்ல. ரயில் வராத தூணுக்கு வாடகை கொடுத்தவர்கள் எத்தனையோ பேர்.

வாடகைக்கு 14,000க்கு மேல் முடியாது. இரண்டு குழந்தைகள். அவர்களுக்கு மண்ணும் தண்ணீரும் பறவையும் தெரிய வேண்டும். கடலோரம் கட்டுப்படியாகாதே?

கடலோரத்தை மறந்துவிட்டு கடற்கரை - செங்கல்பட்டு மின்சார ரயில் பாதையைப் பிடியுங்கள். குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர். நான் ஒன்பது வருஷம் இருந்த பக்கம், அதனால் கொஞ்சம் பாசமாகவே சொல்வேன்.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது சிட்லபாக்கம். ஏரிக்கரையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். காலையில் குழந்தைகளோடு போய்க் கரையில் ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் போதும். நீலத் தாழைக்கோழி ஒன்று கோரைக்குள்ளிருந்து கால் எடுத்து வைக்கும். நீல உடம்பு, சிவப்பு நெற்றி, உடம்புக்குப் பொருந்தாத நீளமான விரல்கள். என் பையன் அதைப் பார்த்துவிட்டு "அம்மா, இது யாரோட செருப்பைப் போட்டுக்கிட்டு வந்திருக்கு?" என்று கேட்டான்.

வண்டலூர் அண்ணா உயிரியல் பூங்காவும் ரயிலிலேயே போகிற தூரம்தான். 602 ஹெக்டேர், செவ்வாய்க்கிழமை விடுமுறை. கூண்டைவிட அங்கே இருக்கிற காடும் ஏரியும்தான் எனக்குப் பிடிக்கும். வேடந்தாங்கல் போக செங்கல்பட்டு வரை ரயில், அங்கிருந்து பஸ். நவம்பரிலிருந்து மார்ச் வரை போனால் பலன் உண்டு. ரயில் சீசன் டிக்கெட் ஒன்று எடுத்துவிடுங்கள். 2021 மே முதல் சாதாரணக் கட்டண மாநகரப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, உங்கள் வீட்டம்மாவுக்கு அந்தச் செலவும் மிச்சம்.

வெயிலுக்கும் ஒரு வார்த்தை: கடற்காற்று மதியத்துக்கு மேல் கடலோரத்தில் முதலில் ஏறும், தாம்பரம் பக்கம் வந்து சேர நேரமாகும். அக்னி நட்சத்திரத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உடம்பில் தெரியும். மாடி வீடென்றால் நேர்மேலே மொட்டை மாடி இல்லாததாகப் பாருங்கள். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வாடகை குறைவாகச் சொன்னால் 2015 டிசம்பரை நினைத்துக்கொள்ளுங்கள், அடையாறு ஆறு அங்கே வீட்டுக்குள் வந்தது.

வேளச்சேரி எப்படி? பள்ளிக்கரணை பக்கத்தில் இருந்தால் பூநாரை பார்க்கலாமாமே.

பார்க்கலாம். பள்ளிக்கரணை 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த சதுப்பு நிலம். குளிர்காலத்தில் பூநாரை, கூழைக்கடா, வாத்து வகைகள் எல்லாம் வரும். பெருங்குடி, வேளச்சேரி ரயில் நிலையங்களிலிருந்து ஷேர் ஆட்டோ தூரம்தான்.

ஆனால் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பதன் அர்த்தத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். தென்சென்னை ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைக்கு வந்து, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி மூலம் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போக வேண்டும். அந்தச் சதுப்பின் பெரும்பகுதியை நாம் குப்பையாலும் கட்டடத்தாலும் நிரப்பிவிட்டோம். தண்ணீர் என்ன செய்யும்? 2015இல் நான் வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருந்தேன். வீட்டைக் காட்டிய புரோக்கர் "இங்க தண்ணியே நிக்காதும்மா" என்று சத்தியம் செய்தவர். டிசம்பர் 2ஆம் தேதி காலையில் கேஸ் சிலிண்டர் சமையலறையில் மிதந்தது. 2023 டிசம்பரிலும் அந்தப் பக்கம் தண்ணீர் நின்றது.

வேளச்சேரியில் வீடு எடுப்பதென்றால் முதல் மாடிக்குக் கீழே வேண்டவே வேண்டாம். வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள், தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரைக் கேளுங்கள். "போன தடவ எது வரைக்கும்ணா வந்துச்சு?" என்றால் தொடையைத் தொட்டோ இடுப்பைத் தொட்டோ காட்டுவார். காம்பவுண்டுச் சுவரில் பெயின்ட் நிறம் மாறுகிற கோட்டையும் பாருங்கள்.

கடலில் நீந்தலாமா?

கூடாது. மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் இழுப்பு அதிகம், வருஷா வருஷம் உயிர் போகிறது. நீச்சலுக்குக் குளம் தேடுங்கள். அலைச்சறுக்கு ஆசை என்றால் கோவளம், மாமல்லபுரம் போகிற பஸ்ஸில் ஏறி இறங்கலாம். பயிற்சி கொடுப்பவர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

எனக்குக் கடல் வேண்டாம், மலை வேண்டும். சென்னையில் எந்தப் பகுதி?

மலைக்குச் சென்னைக்கு வருபவரை இப்போதுதான் பார்க்கிறேன்! பரங்கிமலை இருக்கிறது, முந்நூறு அடி. பல்லாவரத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்தார் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

ஆனால் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: மலைக்குப் பக்கத்தில் அல்ல, மலைக்குப் போகும் ரயிலுக்குப் பக்கத்தில் வீடு பாருங்கள். பெரம்பூர், வில்லிவாக்கம் பக்கம் இருந்தால் மேற்கே போகும் ரயில்கள் கையெட்டும் தூரம். வெள்ளி இரவு ஏறினால் சனிக்கிழமை விடிவதற்குள் ஜோலார்பேட்டை, அங்கிருந்து ஏலகிரிக்குப் பஸ். கிட்டத்தில் என்றால் திருவள்ளூர் வரை மின்சார ரயில், அங்கிருந்து பூண்டி பக்கம் குடியம் குகைகள். வனத்துறை 2024இல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் அதுவும் ஒரு பாதை, முன்பதிவு செய்துகொண்டுதான் போக வேண்டும்.

இவ்வளவு கஷ்டப்படுவதற்கு ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கொள்ளலாமே?

வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கேள்வி பதிலே வண்டி இல்லாதவர்களுக்கானது.

தனியாக இருக்கும் பெண் நான். ஆமை நடைக்குப் போக ஆசை. விடிகாலையில் முடிந்தால் எப்படித் திரும்புவது? அதற்கேற்ற மாதிரி வீடு எங்கே?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன், மா. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். 1988 முதல் தன்னார்வ மாணவர்கள் ராத்திரி கடற்கரையில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். வார இறுதியில் பொதுமக்களையும் அழைத்துப் போவார்கள். நீலாங்கரையில் தொடங்கிப் பெசன்ட் நகரில் முடியும், ஏழு கிலோமீட்டர் போல. ஆமையைப் பார்ப்பது உங்கள் அதிர்ஷ்டம். எனக்கு நாலாவது தடவைதான் கிடைத்தது. டார்ச்சை அணைக்கச் சொன்னார்கள், மணலை உடம்பால் தட்டித் தட்டி இறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

நடை முடியும்போது மூன்றரை, நாலு ஆகிவிடும். அதனால்தான் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் நல்லது என்கிறேன்: பெசன்ட் நகரின் உள்தெருக்கள், சாஸ்திரி நகர், இந்திரா நகர். ஓர் அறை, பாத்ரூம் என்றால்கூடப் போதும். நானும் அப்படித்தான் இங்கே வந்தேன். தூரமாக இருந்தால் கூட்டத்தில் அந்தப் பக்கம் போகிற இரண்டு பேரைத் தொடங்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பஸ் டெர்மினஸ் பக்கம் டீக்கடை திறக்கும் வரை கூட்டத்தோடே இருங்கள், முதல் பஸ் வந்துவிடும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்காதீர்கள், மணலில் பாட்டில் கண்ணாடி கிடக்கிறது.